ரேஸ்கோர்ஸ் மைதானத்து பீட்ரூட் சாறும் அதனுடன் தரப்படும் துண்டறிக்கையும்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடையை முடித்துவிட்டு வெளியே வரும்போது, மரத்தடியில் ஒரு தள்ளுவண்டியை நிறுத்திக் கணவனும் மனைவியுமாக அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லி, பீட்ரூட் சாறுகளை விற்பதைக் காணலாம். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவரும் நான், கடந்த நான்கு மாதங்களாக வாரத்துக்கு மூன்று நாள் அங்கே பீட்ரூட் சாறு குடிக்கிறேன். பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், சாற்றைப் பற்றி எழுதுவதோடு, டம்ளருடன் கையில் தரப்படும் துண்டறிக்கையைப் பற்றியும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் சாறு. கிழங்கைக் கண்ணெதிரே கழுவித் தோல் சீவி, இஞ்சித் துண்டு ஒன்றைச் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து தருகிறார்கள். மண்வாடை தெரியாத அளவுக்கு இஞ்சி சரியாக இருக்கிறது. சில்வர் டம்ளர்களை வெந்நீரில் அலசுகிறார்கள். கேட்காவிட்டால் ஒரு கரண்டி சர்க்கரை விழுந்துவிடும் என்பது மட்டுமே குறை. "சர்க்கரை வேண்டாம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வடிகட்டும்போது நார்ச்சத்து போய்விடுவதால், பீட்ரூட்டுக்கே உரிய சர்க்கரை இரத்தத்தில் விரைவாக ஏறும் என்பதையும் எங்களைப் போன்றவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இனித் துண்டறிக்கை. அதை அச்சிட்டது இந்தத் தம்பதியர் அல்லர். பீட்ரூட் பொடி விற்கும் ஒரு நிறுவனம் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. "பீட்ரூட் உடலில் நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்கும், நைட்ரிக் ஆக்சைடு இன்சுலினைத் தூண்டிச் சர்க்கரையைக் குறைக்கும், இது ஆய்வில் நிரூபணமானது" என்று அதில் இருக்கிறது. முதல் பகுதி உண்மை. பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட்டை நாக்கின் மேலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகிறது. கிருமிநாசினி திரவத்தால் வாயைக் கொப்பளிப்பவர்களுக்கு இந்த மாற்றம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்த பகுதிதான் நின்று பார்க்க வேண்டியது. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு இரத்தக் குழாயைத் தளர்த்தும் தூதுப்பொருள் என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவுக்குப் பின் சுரக்கும் இன்சுலின், இரத்தக் குழாயின் உட்சுவரிலுள்ள ஒரு நொதியை முடுக்கி, ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவை உண்டாக்குகிறது. அதனால் தசைக்குள் செல்லும் நுண்குழாய்கள் திறந்து, இன்சுலினும் குளுக்கோஸும் தசையை எளிதில் சென்றடைகின்றன. அந்த நொதிக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்ததுடன், இன்சுலினுக்கு உடல் இணங்குவதும் குறைந்தது. அத்தகைய சுண்டெலிகளுக்குக் குடிநீரில் நைட்ரேட் கலந்து கொடுத்தபோது அவற்றின் குளுக்கோஸ் கையாளும் திறன் மேம்பட்டதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டார்கள். துண்டறிக்கைக்கு ஆதாரம் இத்தகைய ஆய்வாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். ஆனால் அது மரபணுவே அகற்றப்பட்ட எலிகளில் கண்டது.

துண்டறிக்கை சொல்லாமல் விட்ட மறுபக்கமும் உண்டு. அழற்சி ஏற்படும்போது வேறொரு நொதி இதே வாயுவை மிகுதியாக உற்பத்தி செய்கிறது. அந்த நொதி இல்லாத சுண்டெலிகள் கொழுப்புணவால் பருத்தபோதும், அவற்றின் தசைகள் இன்சுலினுக்குத் தொடர்ந்து இணங்கின என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களையும் அழற்சியின்போது பெருகும் நைட்ரிக் ஆக்சைடு சேதப்படுத்துகிறது. எந்த இடத்தில், எவ்வளவு, எந்த நொதியால் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் அமைகின்றன. "இன்சுலினைத் தூண்டும்" என்ற இரண்டு சொற்களில் இதை அடக்க முடியாது.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். இங்கிலாந்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 27 பேருக்கு இரண்டு வாரங்கள் தினமும் 250 மில்லி பீட்ரூட் சாறு கொடுத்து, நைட்ரேட் நீக்கிய சாற்றுடன் ஒப்பிட்டார்கள். 2013இல் வெளியான அந்த முடிவின்படி இன்சுலினுக்கு உடல் இணங்குவதிலோ இரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் தெரியவில்லை.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், என்னுடன் நடக்கும் நண்பர் ஒருவர் இந்தத் துண்டறிக்கையை நம்பி இரவு மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்றாம் வாரம் தலைசுற்றி உட்கார்ந்ததுதான். அன்று மாலையே மருத்துவரிடம் போய் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார். வண்டிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு அந்த விவரம் தெரியாதுங்கய்யா, இனிமே குடுக்கல" என்று துண்டறிக்கைக் கட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அடுத்த வாரமும் அது வெளியே வரவில்லை.

பீட்ரூட் சாற்றை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் நைட்ரேட்டுக்காகவே குடிப்பவர்கள், அண்ணா நகர் உழவர் சந்தையில் கிடைக்கும் தண்டுக்கீரையையும் வாங்கிச் சமைக்கலாம். அதிலும் நைட்ரேட் நிறைய உண்டு, நார்ச்சத்தும் வீணாவதில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் மிகுந்திருப்பதால், இரண்டையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். குடித்த அன்று சிறுநீர் சிவந்தால் அது பீட்ரூட்டின் நிறம்தான்.

ஒரு டம்ளர் 25 ரூபாய். காலை ஐந்தரை மணிக்கே வண்டி வந்துவிடுகிறது. ஏழரைக்கு மேல் போனால் பீட்ரூட் கிடைப்பதில்லை, வாழைத்தண்டுச் சாறு மட்டும் மீதி இருக்கும்.