பள்ளிக்கரணையில் மாசி மாதப் பறவை நடை: காசு கொடுத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் பெரிய லென்ஸ் மாட்டிக்கொண்டு நாலு நல்ல படம் எடுத்து வரலாம் என்ற எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இது சரிப்படாது. சென்னைப் பறவை ஆர்வலர் குழு ஒன்று பிப்ரவரிக் கடைசியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நடந்தபடியே பறவை பார்க்க நடத்திய நடையைப் பற்றிச் சொல்கிறேன். தலைக்கு 300 ரூபாய், காலை ஆறே காலுக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தார்கள், பைனாகுலர் இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் தந்தார்கள்.

பறவை பார்ப்பது என்றாலே டிசம்பர், ஜனவரி என்றுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். எனக்கு மாசிதான் பிடிக்கும். மழைத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியே பக்கிங்காம் கால்வாய்க்கு வடிந்து, மிச்சமும் வெயிலில் சுண்டி, அங்கங்கே சேறு தலைகாட்டியிருக்கும், அதனால் சேற்றில் இரை தேடும் உள்ளான்களெல்லாம் கொஞ்சம் கிட்டத்தில் வந்து மேயும். அதைவிட முக்கியம், வலசை வந்த பறவைகள் ஊர் திரும்பும் முன்பு நிறம் மாற ஆரம்பிக்கிற நேரம் இது. டிசம்பரில் மங்கலாகத் திரியும் மஞ்சள் வாலாட்டி இப்போது நிஜமாகவே மஞ்சளாக இருக்கிறது. நம்மூர் மடையான் கொக்குக்குக்கூட முதுகில் கருஞ்சிவப்பு ஏறத் தொடங்கிவிட்டது.

நடையின் முழுப் பலமும் வழிகாட்டியாக வந்த அண்ணன்தான். சதுப்பு நிலத்தின் நடுவே போகும் ரேடியல் சாலை (200 அடி ரோடு) ஓரத்தில் ட்ரைபாடை நிறுத்தி, ஸ்கோப் என்கிற பெரிய தொலைநோக்கியைத் திருப்பி வைத்துவிட்டு, "பத்து நிமிஷம் யாரும் நகராதீங்க" என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம்தான் புரிந்தது. சும்மா பச்சையாகத் தெரிந்த கோரைக்குள்ளிருந்து ஒரு நீலத் தாழைக்கோழி வெளியே வந்து, ஒரு தண்டைப் பிடுங்கிக் காலால் பிடித்துக்கொண்டு, சிவப்பு மூக்கால் உரித்து உள்தண்டை மட்டும் தின்றது. நடந்துகொண்டே பார்த்திருந்தால் ஒரு நீலப் பொட்டு, அவ்வளவுதான். அதே இடத்தில் ஆண் நீலச்சிறகி வாத்துகளும் இருந்தன, பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலே ஆரம்பித்துப் பிடரி வரை இறங்கும் வெள்ளைப் பட்டையோடு. ஆண் நீலச்சிறகியின் குரல் சீப்பை நகத்தால் வருடினால் வருமே, அந்தச் சத்தம்தான். லாரி போகாத அரை நிமிடத்தில் அது கேட்டது.

கேள்வி கேட்டால் அவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு பையன், "அண்ணா, அது வாத்தா கோழியா?" என்று கேட்க, "நெத்தியில நாமம் இருக்கு பார், நாமக்கோழி" என்று ஒரே வரியில் முடித்தார், இனி அவன் அதை மறக்கவே மாட்டான். நீளவால் இலைக்கோழிக்கு வாலையே காணோமே என்று இன்னொருவர் குறைப்பட்டதற்கு, அது இனப்பெருக்கக் காலத்தில்தான் வளரும், கோடையில் வந்து பாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

இனி குறைகள். ஒரு ஸ்கோப்புக்கு முப்பது பேருக்கு மேல் என்பது அநியாயம். என் முறை வருவதற்குள் ஊசிவால் வாத்துகள் எழுந்து போய்விட்டன. கேமராக்காரர்கள் நாலைந்து பேர் வரிசையை மதிக்காமல் முன்னால் போய் நின்றார்கள், ஏற்பாட்டாளர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம்விட, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து துரைப்பாக்கம் நோக்கி நடக்க வைத்தார்கள், அதாவது கிழக்கே. ஏழு மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, முன்னால் இருக்கும் பறவையெல்லாம் கருப்பு நிழல்தான். மறுமுனையிலிருந்து தொடங்கியிருந்தால் செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இத்தனை வருடமாக நடத்துகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

குப்பைமேட்டு வாடையை அவர்கள் தலையில் கட்ட முடியாது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலத்தை ஒட்டியே பெருங்குடிக் குப்பை, நடுவிலே 200 அடி ரோடு. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதைச் சொல்லியே கூட்டிப்போங்கள், என் பக்கத்தில் நின்ற குட்டிப்பெண் பூநாரைக் கூட்டம் தெரிந்த பிறகுதான் மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

முடிவில் கொடுத்த பொங்கல் ஆறிப்போயிருந்தது, சாம்பார் பரவாயில்லை. பார்த்த பறவைகளை இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்த பட்டியலை அன்று மதியமே எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள், அதற்குத் தனியாக ஒரு பாராட்டு.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் மூன்று அந்த அண்ணனுக்கு. அடுத்த நடை பங்குனியிலாம். அதற்குள் வாத்துகள் பலவும் வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும், ஆகவே போவதென்றால் அதற்கு முன்பே நீங்களாகவே ஒருமுறை போய் வந்துவிடுங்கள், துரைப்பாக்கம் முனையிலிருந்து. தொப்பி, தண்ணீர் இரண்டும் அவசியம். நாங்கள் நடந்த வழியில் கழிப்பறையைக் காணோம், வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.