யூரித்தேனா, ரியாக்டிவா, பிளாஸ்டிக்கா? காரைக்குடியிலிருந்து சொந்தப் பௌலிங் பந்து வாங்குவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்துகொண்டு, பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் ஆடுகிறவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போதுதான் லேனில், அதாவது பந்து ஓடும் பலகைத் தடத்தில், கால் வைக்கிறார். லேனின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள்; அதை எப்போது போட்டார்கள், எத்தனை அடி போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. எங்கே போனாலும் ஒரே மாதிரி திரும்புகிற பந்துதான் அவருக்கு வேண்டும். அதற்கு யூரித்தேன்தான் சரி என்று பலரும் சொல்வார்கள். கையில் சுழற்சி இருப்பவருக்கு அது உண்மை. மற்றவருக்கு அது வீண் செலவு.

மூன்று பந்துகளுக்கும் வித்தியாசம் மேலோட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக், அதாவது பாலியெஸ்டர், எண்ணெயிலும் வறண்ட பலகையிலும் ஏறக்குறைய நேராகவே போகும். ரியாக்டிவ் ரெசினில் நுண்துளைகள் அதிகம். எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே போய், வறண்ட பகுதி வந்ததும் சட்டென்று வெட்டித் திரும்பும். யூரித்தேன் எண்ணெயை அநேகமாக உறிஞ்சாது. சீக்கிரமே பிடித்து, கடைசி வரை ஒரே சீரான வளைவாகப் போகும். கோணம் குறைவு, கட்டுப்பாடு அதிகம். 60 அடி லேனில் எண்ணெய் 35 அடியோடு நின்றுவிடும் குட்டை பேட்டர்ன்களில் (எண்ணெய் பூசும் அமைப்புகளில்) ரியாக்டிவ் துள்ளி எங்கோ போய்விடும். யூரித்தேன் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சீக்கிரம் பிடிக்கும் பந்து சக்தியையும் சீக்கிரம் இழக்கும். அதனால் பணம் கொடுக்கும் முன் உங்கள் சுழற்சியை அளந்துவிடுங்கள். பந்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, போனில் வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். கையை விட்டதும் டேப் ஒரு முழுச் சுற்று வர எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணி, 14,400-ஐ அதால் வகுத்தால் நிமிடச் சுழற்சி கிடைக்கும். 48 பிரேம் என்றால் 300; 36 என்றால் 400. 350-க்கு மேல் வந்தால் யூரித்தேனுக்குத் தாராளமாகப் போகலாம். 300-க்குக் கீழே என்றால் பந்து பின்களுக்குப் போய்ச் சேரும்போது தளர்ந்திருக்கும். வலக்கைக்காரருக்கு மூலையில் 10-ஆம் பின் நின்றுகொண்டே இருக்கும். அவருக்குப் பளபளப்பாக்கிய, சக்தி குறைந்த ரியாக்டிவ்தான் நல்ல பலன் தரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யூரித்தேனில் அதிகம் பேர் தடுமாறுவது, எண்ணெய் முன்னால் நகர்வதில்தான். உறிஞ்சாத எண்ணெயைப் பந்து தன் தடத்தில் ஒட்டிக்கொண்டு போய் வறண்ட பகுதியில் பூசிவிடும். வலக்கைக்காரர் வீசி, முதல் கேமில் அழகாகத் திரும்பிய பந்து, போகப்போகத் தலைப் பின்னுக்கு, அதாவது முன்னால் நிற்கும் முதல் பின்னுக்கு, வலப்பக்கமே நின்றுவிடும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நிற்கும் இடத்தை 2 பலகை வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் மைக்ரோஃபைபர் துணியால் எண்ணெய் வளையத்தைத் துடைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். யுஎஸ்பிசி எனும் அமெரிக்கப் பௌலிங் அமைப்பின் விதியில் நடக்கும் போட்டியில் ஆட்டத்தின் நடுவே உலர்ந்த துணி மட்டும்தான், திரவம் கூடாது. ஆட்டம் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து வையுங்கள். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், மேலோடு மென்மையாகிவிடும்.

மேற்பரப்பும் அதே அளவு முக்கியம். எண்ணெய் அதிகம் என்றால் சொரசொரப்பான 500 அல்லது 1000 எண் தேய்ப்புப் பேடு; வறண்ட லேன் என்றால் நைசான 2000. பேடை நன்றாக நனைத்து, பந்தைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும், பக்கத்துக்கு 30 வினாடி ஒரே அழுத்தத்தில் தேய்க்க வேண்டும். ஆடஆட யூரித்தேன் தானாக வழவழப்பாகும். பந்து செத்துவிட்டது என்று ஒதுக்கப்படுவதில் பல, தேய்க்காமல் விட்டவைதான்.

பராமரிப்பில் ரியாக்டிவ் தோற்கிறது. உறிஞ்சிய எண்ணெயை 50, 60 கேமுக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும். விரல் துளைகளை டேப்பால் அடைத்து, 50 முதல் 55 டிகிரி வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி விட்டு 20 நிமிடம் வைத்தால் எண்ணெய் கக்கும்.

பழைய யூரித்தேன் வாங்குவதானால் வரிசை எண்ணைப் பாருங்கள், தயாரான ஆண்டு அதில் தெரியும். 2016, 2017-இல் தயாரான பர்ப்பிள் ஹாமர் என்ற யூரித்தேன் பந்துகள் 2022 முதல் யுஎஸ்பிசியின் தேசியப் போட்டிகளில் அனுமதிக்கப்படுவதில்லை.

பிளாஸ்டிக்குக்கு முக்கிய வேலை ஸ்பேர், அதாவது முதல் வீச்சில் மிஞ்சிய பின்களை இரண்டாம் வீச்சில் சாய்ப்பது. அந்த வேலையில் அதற்கு இணை கிடையாது. எண்ணெயே இல்லாமல் காய்ந்துபோன மால் லேன்களில் அதையே முதல் பந்தாகவும் வீசலாம். அங்கே யூரித்தேன்கூட அளவுக்கு மீறி வளையும்.

எந்தப் பந்தானாலும் துளை போடாமல் வாங்கி, கையை நேரில் அளந்து துளையிடும் கடையிலேயே கொடுங்கள். போனில் அளவு சொல்லி அனுப்பினால் கட்டைவிரல் கிழியும். நம் வெயிலில் விரல் வீங்கும், ஏசியில் சுருங்கும். அதனால் துளையைக் கொஞ்சம் தளர்வாக வைத்து, டேப் ஒட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

14 பவுண்டு பந்து 6.35 கிலோ. இரண்டை எடுத்துக்கொண்டு பல்லவன் ரயிலேறுவதானால் சக்கரப் பை இல்லாமல் முடியாது. காரில் போனால் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் சூடேறிய பந்தை உடனே ஏசிக்குக் கொண்டுபோனால் விரிசல் விடும். ரியாக்டிவுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். வீட்டில் மொட்டைமாடி அறை வேண்டாம். வளவை ஒட்டிய உள்ளறையில், ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு ரப்பர் வளையம் போட்டு அதன்மேல் வைத்தால் போதும்.