மீட்டர் சொல்லும் கிலோமீட்டரும் டேங்கில் இருக்கும் பெட்ரோலும்

"இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று சொல்லும் எண், கேடிஎம் 390 டியூக், பஜாஜ் பல்சர் என்250 போன்ற வண்டிகளின் கன்சோலில் இன்று சாதாரணமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ சேலத்துக்கோ வண்டியிலேயே கிளம்புகிற நம்மவர்கள், பங்க் வரிசையில் நிற்பதா வேண்டாமா என்பதை இப்போது அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதற்குப் போட்டியாக வேறு வழிகளும் இருக்கின்றன: கட்டங்களாகக் காட்டும் பெட்ரோல் மானி, ஃபுல் டேங்க் போட்டுவிட்டு, ஓடும் தூரத்தைத் தனியாக எண்ணும் ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம், ரிசர்வ் விழுந்த பிறகு ஓடிய தூரத்தை எண்ணத் தொடங்கும் மீட்டர், பழைய வண்டிகளின் ரிசர்வ் டேப். இவற்றில் எதை எந்தக் கட்டத்தில் நம்பலாம் என்பதே இங்கு கேள்வி.

மீதித் தூரம் என்ற எண் எங்கும் அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்ற இரண்டையும் பெருக்கி வருவது அது. இரண்டாவது விவரம் ஓரளவு நம்பகமானது. ஏனென்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது இன்ஜினை ஆளும் கணினியான இசியூவுக்குத் தெரியும், பம்ப் தரும் அழுத்தம் ஏறக்குறைய மாறாதது, ஆகவே செலவான பெட்ரோலைக் கணக்கிடுவது அதற்குக் கடினமல்ல. சிக்கல் முதல் விவரத்தில் இருக்கிறது. வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் போல, டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை ஒன்று இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது கம்பியின் மறுமுனையில் உள்ள தொடுமுனை ஒரு மின்தடைத் தடத்தின் மேல் நகர்கிறது. மீட்டருக்குக் கிடைப்பது இந்தத் தடையின் அளவு மட்டுமே, லிட்டர் அல்ல.

மோட்டார் சைக்கிள் டேங்க் நேர்ச்சுவர்ப் பெட்டியாக இருந்திருந்தால் இதுவே போதும். ஆனால் அது வண்டிச் சட்டகத்தின் முதுகுக் குழாயின் இருபுறமும் கால் பரப்பி உட்கார்ந்திருக்கிறது. மேலே அகலம், அடியில் இரண்டு தனிக் குழிகள். மிதவை இருப்பதோ ஓரிடத்தில் மட்டும். சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்தால் ஓர் அளவு, நிமிர்த்தினால் இன்னோர் அளவு, பிரேக் பிடித்துப் பெட்ரோல் முன்னால் ஓடினால் மூன்றாவது அளவு. இந்தத் தளும்பலால் எண் குதிக்காமலிருக்கத்தான் கன்சோல் அளவை மெதுவாகச் சராசரி எடுத்துக் காட்டுகிறது. நூறு ரூபாய்க்குப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் பல வண்டிகளில் எண் உடனே ஏறாததற்கும் இதுவே காரணம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 13 லிட்டர் டேங்கில் மிதவை அரை லிட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேங்க் நிறைந்திருக்கும்போது அந்தப் பிழை 4 சதவீதத்துக்கும் குறைவு. யாரும் கவனிக்கப் போவதில்லை. மீட்டர் ஒன்றரை லிட்டர் இருப்பதாக நினைக்கும்போது உண்மையில் இருப்பது ஒரு லிட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஓசூரைத் தாண்டும்போது 52 என்று காட்டும். கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர், போய்விடலாம் என்று தோன்றும். வண்டி நிற்பதோ 35ஆவது கிலோமீட்டரில். பிழை வளரவில்லை, மீதி சுருங்கியது, அவ்வளவுதான். நாம் அந்த எண்ணை ஊன்றிப் பார்ப்பது டேங்க் காலியாகும் நேரத்தில்தான் என்பதால், நமக்குத் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. ரிசர்வ் தொடங்கியதும் எண்ணையே மறைத்து வெறும் கோடுகளைக் காட்டும் மீட்டர்களும் உண்டு. அதைக் குறை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் அதுவே நாணயமான நடத்தை.

மைலேஜ் பக்கமும் முற்றிலும் குற்றமற்றதல்ல, ஏனென்றால் இசியூ அறிந்திருப்பது கடந்துவந்த சாலையை மட்டுமே. பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பில் இன்ஜின் ஓடியபடி நிற்கும் நேரத்தில் வண்டி லிட்டருக்குச் சுழி கிலோமீட்டர்தான் தருகிறது. அண்மைச் சில கிலோமீட்டர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுக்கும் மீட்டரில், பொம்மனஹள்ளி வருவதற்குள் எண் மளமளவென்று சரியும். அத்திப்பள்ளியைத் தாண்டிச் சீரான வேகம் பிடித்ததும், வண்டி ஓட ஓட எண் கூடும். பெட்ரோல் ஊறுகிறதோ என்று வியக்கும்படி இருக்கும். நீண்ட தூரச் சராசரி எடுக்கும் மீட்டர் இப்படிக் குதிக்காது. ஆனால் நெடுஞ்சாலைப் பழக்கத்திலேயே இருந்துகொண்டு நகர நெரிசலுக்குள் நுழைந்த பிறகும் வெகுநேரம் தாராளமாகவே பேசிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போகும் பாதையில் இன்னொரு வலையும் உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்க, கிருஷ்ணகிரி சில நூறு மீட்டர் தாழ்வில் இருக்கிறது. தர்மபுரியைக் கடந்தால் தொப்பூர் கணவாய் இன்னும் கீழே இறக்கிவிடும். இறக்கத்தில் கண்ட மைலேஜை வைத்து மீட்டர் சொல்லும் தூரத்தை, ஞாயிற்றுக்கிழமை ஏறி வரும்போது எதிர்பார்க்கக் கூடாது.

கட்டங்களாகக் காட்டும் மானிக்கு மேலே சொன்ன மிதவைக் குறை அத்தனையும் உண்டு. ஆனால் அது துல்லியம் இருப்பதாகப் பாசாங்கு செய்வதில்லை. அதன் கோணல் டேங்கின் வடிவத்தால் வருவது: மேல் பாதியில் ஒரு கட்டம் குறைய நெடுந்தூரம் ஆகும், கீழ்ப் பாதியில் கட்டங்கள் வேகமாக உதிரும். ஒரே வண்டியைச் சில மாதங்கள் ஓட்டியவருக்கு இந்த நடத்தை அத்துப்படியாகிவிடும். அந்த அளவில் கடைசிக் கட்டம் என்பது 52 என்ற எண்ணைவிட உபயோகமான எச்சரிக்கை.

ட்ரிப் மீட்டர் முறைதான் இவற்றில் பழுத்த அனுபவசாலி. இதில் மிதவைக்கு வேலையே இல்லை. ஃபுல் டேங்க் போட்டு, ட்ரிப் ஏ-யைச் சுழியாக்கி, அடுத்த முறை மறுபடியும் நிறைக்கும்போது பம்பில் ஓடிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் கிடைப்பது உண்மையான மைலேஜ். பங்கின் பம்ப் முத்திரையிட்டுச் சோதிக்கப்படும் அளவுகருவி. நம் டேங்குக்குள் இருக்கும் மிதவை அப்படிப்பட்டதல்ல. ஆனால் நிறைப்பது ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால் டேங்க் குறைவாகவே கொள்ளும். நிமிர்த்திப் பிடித்து, நாசில் முதல்முறை தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் ஊழியர் "ரவுண்ட் பண்ணிடவா சார்?" என்று கேட்டு இன்னும் இரண்டு அழுத்து அழுத்தினால் அந்தத் தடவைக் கணக்கு போயிற்று.

இம்முறையின் பலவீனம், பழைய மைலேஜை மனப்பாடமாக வைத்துக்கொள்வதில் இருக்கிறது. பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதக் கலப்பால் பழைய இருசக்கர வண்டிகளின் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. டயர் காற்று, பின்னால் உட்கார்பவர், எதிர்க்காற்று ஆகியவை அதற்கு மேல். கன்சோல் எண் இந்த மாற்றங்களைத் தானாகவே உள்வாங்கிக்கொள்ளும். நம் மனக்கணக்கு உள்வாங்காது. இந்த ஒரு விஷயத்தில் கன்சோலுக்கே மதிப்பெண் தர வேண்டும்.

ரிசர்வ் டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிகள் வந்து, இன்ஜெக்ஷனுக்கு முன்பு பெட்ரோலையும் காற்றையும் கலந்து தந்த கார்புரேட்டர் பெரும்பாலான வண்டிகளிலிருந்து விடைபெற்றதோடு அதுவும் விடைபெற்றது. டேங்குக்குள் உயரமான குழாய் ஒன்று, தாழ்வான குழாய் ஒன்று. உயரமானது காற்றை உறிஞ்சத் தொடங்கினால் வண்டி திணறும், கையை இறக்கி டேப்பைத் திருப்பினால் தாழ்வானது திறக்கும். சென்சார் இல்லை, சராசரி இல்லை, பொய் சொல்ல வழியும் இல்லை. அதுவும் தீர்ந்தால் வண்டியை ஒருபக்கமாகப் படுக்கவைத்து, டேப் இல்லாத குழியில் தங்கிய பெட்ரோலை மறுபக்கம் வழியவிட்டு ஓட்டியவர்கள் பலர். இன்ஜெக்ஷன் வண்டியில் அந்த அளவுக்குப் போவது நல்லதல்ல. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் பம்புக்குக் குளிர்ச்சி தருவதே சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

அந்த டேப்பின் வாரிசு என்று நான் கருதுவது, கேடிஎம்மில் ட்ரிப் எஃப் என்றும் யமஹாவின் பல மாடல்களில் எஃப் ட்ரிப் என்றும் வரும் மீட்டர். ரிசர்வ் விளக்கு எரிந்த கணத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை அது கூட்டிக்கொண்டே போகிறது. எதிர்காலத்தைக் கணிக்காமல் நடந்ததை மட்டும் சொல்வதால் அதில் ஊகத்துக்கு இடமில்லை. அதற்கு எல்லை எது என்பதை நாம்தான் ஒருமுறை கண்டறிய வேண்டும்: விளக்கு எரிந்தவுடன் பங்குக்குப் போய் நிறைத்து, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்தால் போதும். 13 லிட்டர் டேங்கில் 10.5 பிடித்தால் இரண்டரை லிட்டர் மிச்சம் இருந்தது. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 30 என்றால் 75 கிலோமீட்டர், நகரத்தில் 25 என்றால் 62. நாசில் நின்ற மட்டத்துக்கு மேலும் டேங்கில் சிறிது இடம் இருப்பதாலும், அடியில் பம்புக்கு எட்டாத பெட்ரோல் தங்குவதாலும், நகரத்துக்கு 40 என்று எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆகவே டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்போது, சேலம் வரை நிற்காமல் போகலாமா என்று திட்டமிட, கன்சோல் எண் தாராளமாகப் போதும். கால் டேங்குக்குக் கீழே இறங்கிய பிறகு அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டு ட்ரிப் மீட்டருக்கும், விளக்கு எரிந்த பின் எஃப் ட்ரிப்புக்கும் மாறிக்கொள்ள வேண்டும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு அவ்வப்போது போட்டு ஓட்டுபவர்களுக்கு ஃபுல் டேங்க் கணக்கு எட்டாது. அவர்களிடம் எஃப் ட்ரிப்பும் இல்லையென்றால், விளக்கு எரிந்ததும் ட்ரிப் பி-யைக் கையால் சுழியாக்கிவிடலாம், அதற்குப் பொத்தானை இரண்டு நொடி அழுத்தினால் போதும்.