பியூரோமைசின் ஆன்டிபாடி 12டி10: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

செல் இந்த நிமிடத்தில் எவ்வளவு புரதம் செய்கிறது என்பதை புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஒரே ஒரு ஜெல் ஓட்டிப் பார்த்துவிடலாம். அதற்காகவே 12டி10 என்ற இந்த ஆன்டிபாடியை (பியூரோமைசினைத் தேடிப் பிடிக்கும் புரதம்) எனக்கு அவ்வளவு பிடிக்கும். பழைய முறையைப் போலக் கதிரியக்க மெத்தியோனின் (ஒரு அமினோ அமிலம்) வேண்டாம், அதற்கான தனி அறையும் வேண்டாம்.

பியூரோமைசின் என்ற மருந்து, அமினோ அமிலம் சுமக்கும் டிஆர்என்ஏவின் நுனியைப் போலவே இருக்கும். புரதம் செய்யும் ரைபோசோம் ஏமாந்து அதை வளரும் புரதச் சங்கிலியில் கோத்துவிடும். சங்கிலி அத்தோடு கழன்றுவிடும். அந்த முனையைத்தான் 12டி10 பிடிக்கிறது. 2009-இல் வெளியான சன்செட் முறை இதுதான். நான் செல்களுக்கு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பியூரோமைசின் போட்டு, 10 நிமிடம் வைத்து, உடனே ஐஸுக்கு மாற்றுவேன். பிளாட்டில் (ஜெல்லில் பிரிந்த புரதங்களை மெம்பிரேன் என்ற தாளுக்கு மாற்றி ஆன்டிபாடியால் பார்ப்பது) தனித்தனிப் பட்டைகள் வராது. மேலிருந்து கீழ்வரை புகை இழுத்தது போல வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் பிளாட் கெட்டுவிட்டதாக நினைப்பார்கள். அந்தப் புகைதான் விடை.

மனித செல் வகைகளான ஹீலா, ஹெக் 293, எலித் தசையின் சி2சி12 மூன்றையும் ஓட்டினேன். டோரின் 1 என்ற மருந்து கொடுத்து, புரத உற்பத்தியைத் தூண்டும் எம்டார் என்ற நொதியை அடைத்தபோது மூன்றிலும் புகை வெளுத்தது. தாப்சிகார்கின் என்ற பொருளால் செல்லுக்கு அழுத்தம் கொடுத்து, புரத உற்பத்தியைத் தொடங்க உதவும் ஈஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏற்றியபோதும் (அது உற்பத்தியைக் குறைக்கும்) அப்படியே. எங்கெங்கிருந்தோ வந்த செல்கள் ஒரே கடிவாளத்துக்கு அடங்குவதை ஒரே மெம்பிரேனில் பார்த்த அன்று வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை. ஆனால் ஹீலாவின் புகையை சி2சி12-இன் புகையோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். பியூரோமைசின் உள்ளே போகும் அளவு செல்லுக்குச் செல் மாறும்.

ஒரு ஜீனை அடக்கிய செல்களில் இரண்டு வாரம் வெறும் மெம்பிரேன்தான் வந்தது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: அந்த செல்களைத் தேர்ந்தெடுத்ததே பியூரோமைசினை வைத்து. அவற்றிலுள்ள எதிர்ப்பு ஜீன் மருந்தை அசிட்டைலேற்றிச் செயலிழக்க வைத்துவிடுகிறது. வாங்குவதற்கு முன் உங்கள் செல் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பாருங்கள். 12டி10-உம் எலியின் ஆன்டிபாடிதான், ஐஜிஜி2ஏ என்ற வகை. அதனால் எலித் திசுவில் செய்பவர்கள், அதை ஒளிரவைக்கும் இரண்டாம் ஆன்டிபாடியாக ஐஜிஜி2ஏவை மட்டும் பிடிப்பதை வாங்குங்கள். இல்லாவிட்டால் எலியின் சொந்த ஆன்டிபாடிகளும் சேர்ந்து ஒளிரும்.

இது மொத்த அளவை மட்டுமே காட்டும். ஈஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏறி மற்ற பெரும்பாலானவை குறையும்போது ஏடிஎஃப்4 போன்ற சில புரதங்கள் கூடும். அது இந்தப் புகையில் தெரியாது. எது எவ்வளவு செய்யப்படுகிறது என்று தனித்தனியாகப் பார்க்க, ரைபோசோம்கள் எந்தெந்த ஆர்என்ஏ மீது இருக்கின்றன என்று படிக்கும் ரைபோசோம் புரொஃபைலிங் போன்ற முறை வேண்டும்.

குப்பி வந்ததும் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைத்தேன். பால்பொடிக் கரைசலில் 1:5000 கலந்தாலே போதுமாக இருக்கிறது. அடுத்ததும் இதே 12டி10 குளோனைத்தான் (ஆன்டிபாடி வகை) வாங்கப்போகிறேன்.