நஞ்சையில் போட்ட மனையா, நத்தத்துப் பழைய வீடா?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் சொந்த வீட்டுக்கு இடம் தேடுகிறவர்களுக்குக் கையிலிருக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வகை இடங்கள்தான் அகப்படும். ஏரிப் பாசன நஞ்சையைப் பிரித்துப் போட்ட லேஅவுட்டில் அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ. இல்லையென்றால் அதே ஊரின் பழைய தெருவில், நத்தத்தில் (காலங்காலமாக ஊர்க் குடியிருப்புக்கென்று உள்ள நிலம்), இடித்துக் கட்ட வேண்டிய ஓட்டு வீடு. நாங்கள் எடுத்தது நத்தத்து வீடு. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

லேஅவுட்டின் வசதிகளை விளக்கவே வேண்டாம். அகலமான சாலை, சதுரமான மனை, கார் நிறுத்த இடம், கேட்டவுடன் வங்கிக் கடன். பழைய தெருவில் ஜல்லி லாரி உள்ளே திரும்பாது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவராக இருக்கும். மனை குறுகல் என்பதால் பக்கவாட்டில் இடம் விட்ட பிறகு அறைகள் ரயில் பெட்டி மாதிரி நீளும். இதெல்லாம் போய்ப் பார்த்த அன்றே தெரிந்துவிடும்.

காகிதத்திலும் லேஅவுட்டுக்கே முதலிடம். ஒரே விற்பவர், ஒரே தாய்ப் பத்திரம், மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ.வின் ஒப்புதல் எண், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) எண். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபின் இதில் ஏமாற்று குறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த வரன்முறை விதிகளின்படி முறைப்படுத்திய பழைய மனைகளை மட்டும் தனியாகப் பாருங்கள். பதிவுச் சிக்கல் தீர்ந்திருக்கும், ஆனால் வடிகாலும் பூங்காவும் திட்டத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் அங்கே இருந்ததில்லை. நத்தத்து வீட்டில் தலைவலி வாரிசுகள். மகள்களுக்கும் சம பங்கு என்பதால், வெளியூரில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் வரை அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒப்புதல், ரெரா, வில்லங்கச் சான்று எல்லாம் கச்சிதமாக இருக்கும் மனையிலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கலாம். லேஅவுட் ஒப்புதல் பார்ப்பது சாலையின் அகலத்தையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும். ஏரி மதகு எந்த மட்டத்தில் இருக்கிறது, உங்கள் வாசற்படி எந்த மட்டத்தில் இருக்கப் போகிறது என்ற கணக்கை நீங்கள்தான் போட வேண்டும்.

ஏரிப் பாசன ஊரின் அமைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். மேலே ஏரி, வில் போல் வளைந்த கரை, கரைக்குக் கீழே அந்த ஏரி பாயும் வயல்களான ஆயக்கட்டு, வெள்ளம் ஏறாத மேட்டில் நத்தம். மதகைத் திறந்தால் பம்ப் இல்லாமல் தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே வயல், மதகின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. பாய்ந்த தண்ணீர் ஓடிவிடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே அது சமப்படுத்தப்பட்டிருக்கிறது. நெல்லுக்கு வேண்டிய இந்த இரண்டு குணமும் வீட்டுக்குப் பகை.

பயிர் நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசமாகும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, நவரை, சொர்ணவாரி நெல் போகங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் கொடுத்து ஆடி ஆவணிக்குள் வற்றும். அந்தக் காலியிடம்தான் அடுத்த ஐப்பசி மழையை வாங்கிக்கொள்ளும். ஆயக்கட்டு மனையாகிவிட்டால் மதகைத் திறக்க ஆளில்லை. ஆவியாகிப் போனது போக மிச்சத் தண்ணீர் ஏரியிலேயே கிடக்கும். முதல் இரண்டு பெருமழையிலேயே கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழியத் தொடங்கும். இங்கே ஏரிகள் சங்கிலியாகக் கோத்தவை. மேல் ஏரியின் ஆயக்கட்டும் மனையாகியிருந்தால் அதன் உபரியும் சேர்ந்து இறங்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு, மேலேயுள்ள ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி வந்து சேரும் அடையாற்றுத் தாழ்விடமாக அவை இருப்பதும் ஒரு காரணம்.

வயலும் ஒரு சிற்றேரிதான். 15 செ.மீ. வரப்புள்ள ஒரு ஏக்கர் நஞ்சை, வழிவதற்கு முன் சுமார் 6 லட்சம் லிட்டர் பிடித்து வைக்கும். கூரையும் சிமென்ட் முற்றமும் தார்ச் சாலையும் வந்தபின் அதே மழை உடனே தாழ்வான மூலைக்கு ஓடும். முன்பு ஓடிய வழியும் இராது. பெரிய வாய்க்காலுக்குப் புறம்போக்கு சர்வே எண் இருப்பதால் அது வரைபடத்திலாவது பிழைக்கும். கிளை வாய்க்கால்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே, வயல் விட்டு வயல் பாய்ந்தவை. அவற்றை மூடுவது யார் கண்ணிலும் ஆக்கிரமிப்பாகப் படாது. காவிரி டெல்டாவுக்கென்று 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம்கூட எண்ணெய்க் கிணறு, உருக்காலை வகையறாக்களைத்தான் தடுக்கிறது. வீட்டு மனையை அல்ல.

நிலத்தைச் சோதிக்கும் முறை இது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். நஞ்சையா புஞ்சையா என்பதோடு எந்த ஏரிப் பாசனம் என்பதும் அதில் இருக்கும். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் லேஅவுட் வரைபடத்தின் மேல் பொருத்தி, ஓடை, வாய்க்கால், கலங்கல் போக்கு எந்தச் சாலைக்கடியில் போயிற்று என்று தேடுங்கள். பிறகு மட்டம். செல்போன் வரைபடம் காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிழை இருக்கும். ஒரு மீட்டர் வித்தியாசத்தில் வீடு மூழ்கும் ஊரில் அது பயன்படாது. சர்வேயரை ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவியோடு அழைத்துப் போய் மதகின் அடிமட்டம், கலங்கலின் மேல்மட்டம், லேஅவுட் சாலையின் நடுமட்டம், மனையின் இயற்கைத் தரைமட்டம் ஆகிய நான்கையும் எடுங்கள். அரை நாள் வேலை. தரைமட்டம் மதகைவிடத் தாழ்வு என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். சாலையின் நடுமட்டமும் தாழ்வு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நீர்நிலை அருகே போட்ட லேஅவுட்டுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கும். விற்பவர்கள் முதல் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது நிபந்தனைப் பக்கம். எந்த மட்டம் வரை மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கும். நடைமுறையில் சாலையை மட்டும் உயர்த்திவிட்டு மனையை வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் மனையை உயர்த்த உயர்த்த, இன்னும் கட்டாத மனை குட்டையாகும். வரைபடத்தில் பூங்கா எங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய லேஅவுட்டில் சாலை போக மீதியில் பொது இடத்துக்கான 10 சதவீதத்தைப் பணமாகக் கட்ட முடியாது, இடமாகவே தானப் பத்திரம் போட்டுக் கொடுக்க வேண்டும். விற்க முடியாத பள்ளமான மூலை அதற்குப் போயிருந்தால், அந்தப் பூங்காவை ஒட்டிய மனையை வாங்காதீர்கள், ‘பார்க் ஃபேஸிங்’ என்று கூடுதல் விலை சொன்னாலும்.

உயர்த்தும் செலவைக் கணக்குப் போடுவோம். 1,200 சதுர அடி மனையை 4 அடி உயர்த்த 4,800 கன அடி, அதாவது 48 யூனிட். இறுகும்போது அளவு குறையும் என்பதால் கால் பங்கு கூட்டினால் 60 யூனிட். 3 யூனிட் டிப்பரில் 20 லோடு. இது மண் மட்டும். கொட்டுவதற்கு முன், வேரும் அழுகலும் கலந்த மேல்சேற்றை ஒன்று முதல் ஒன்றரை அடி வரை வழித்து எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்கும் மண் வேண்டும். முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். ‘ஒரு மழைக்காலம் விட்டால் தானே இறுகிவிடும்’ என்பது மேஸ்திரிகள் சொல்லும் சமாதானம். மழை இறுக்குவது மேல் அடுக்கைத்தான்.

பலருக்கும் தெரியாத சங்கதி, கொட்டிய மண்ணின் எடை. 5 அடி மண் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 2.7 டன் அழுத்தும். இரண்டு மாடி வீட்டின் எடைக்கு அது சமம். வீடு கட்டுவதற்கு முன்பே அடியிலுள்ள களிமண்மேல் ஒரு வீட்டை ஏற்றியாகிவிட்டது. ஈரக் களி இந்தச் சுமையில் நீரைக் கசிய விட்டு மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் அமுங்கும். பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டால் தப்பிக்கலாம் என்பதும் பாதி உண்மைதான்: சுற்றியுள்ள மண் இறங்கும்போது பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும், அந்தச் சுமையையும் வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். சுவர் பைல்மேல் அசையாமல் நிற்க, தரை மட்டும் இறங்கி, ஸ்கர்ட்டிங்குக்கும் டைல்ஸுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்த வீடுகளை இந்த லேஅவுட்டுகளில் பார்க்கலாம்.

நத்தத்து வீட்டிலும் மண் சிக்கல் உண்டு. பழைய மண்சுவர் வீடுகள் இடிந்து இடிந்தே பல நத்தங்கள் மேடாகியிருக்கின்றன. மேலே சில அடிக்கு ஓடும் செங்கல் துண்டும் சாம்பலும் வரும். அதைத் தாண்டிக் கெட்டியான இயற்கை மண் கிடைக்கும்வரை குழி போக வேண்டும். சரளை தட்டினால் சதுர மீட்டருக்கு 20 டன்னுக்கு மேல் தாங்கும். நஞ்சைக் களியில் 5 முதல் 10 டன்தான். பழைய கிணறும் கழிவுத் தொட்டியும் எங்கே என்று விற்கிறவர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின்மேல் தூண் வரக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் இருபுறமும் தூண் வைத்துப் பீம் கொண்டு தாண்டுங்கள். பொதுச்சுவரை ஒட்டிக் குழிகளை ஒரே நாளில் தோண்டினால் பக்கத்து வீடு விரிசல் விடும். ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகே அடுத்த வரிசை.

நத்தத்தில் தண்ணீர் தொல்லை மேலே சாலையிலிருந்து வருகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் போட்டதால் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குள் நிற்கின்றன. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குவது தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறது, ஆனாலும் அதை நம்பி மட்டம் வைக்காதீர்கள். சாலை நடுமட்டத்திலிருந்து தளமட்டம் 3 அடி இருக்கட்டும். லேஅவுட்டோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு, வருவதும் முன்கூட்டியே தெரியும்.

ஊருக்குள் என்று நான் சொல்வது பழைய நத்தத்தை மட்டும். நகரத்துக்குள் இருப்பதாலேயே மேடு ஆகிவிடாது. தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துப் போட்ட மனைத் திட்டம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2021 நவம்பர் மழையிலும் தண்ணீர் அங்கேதான் போய் நின்றது. வேளச்சேரியும் அதே கதை.

லேஅவுட்டேதான் வேண்டும் என்பவர்களுக்குப் புஞ்சை நடுவழி. வேர்க்கடலையோ மாந்தோப்போ இருந்த செம்மண், சரளை மேடு என்றால் அஸ்திவாரமும் வடிகாலும் சுலபம். கோடையில் போர்வெல் வற்றும் என்பதற்குத் தயாராக இருங்கள். கொங்குப் பக்கத்துக் கரிசல் புஞ்சைக்கு இதைப் பொருத்த வேண்டாம், அந்த மண் வெயிலில் சுருங்கி மழையில் வீங்கும், அதன் கணக்கே வேறு. மறுவிற்பனையில் லேஅவுட் மனை வேகமாகக் கைமாறும் என்பதையும் மறுக்கவில்லை. 5 வருடத்தில் விற்றுவிட வாங்குகிறவருக்கு நான் சொன்னதில் பாதி தேவைப்படாது.

ஏற்கெனவே நஞ்சை மனை வாங்கிக் கட்டப் போகிறவர்கள், மண் கொட்டுவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள், 1.5 மீட்டருக்கு ஒரு முறை மண்ணின் கெட்டித்தன்மையைக் காட்டும் எஸ்.பி.டி. எண் எடுத்து, 10 மீட்டர் வரை. களி வீங்கும் வகை என்று வந்தால் அடியில் குமிழ் போல் அகன்ற அண்டர்ரீம்டு பைல், இயற்கைத் தரையிலிருந்து 3.5 மீட்டருக்குக் குறையாமல். 300 மி.மீ. தண்டுக்கு 750 மி.மீ. குமிழ் வரும். தரைத்தளத்தை நிரப்பிய மண்மேல் படுக்க விடாமல் பிளிந்த் பீம்களின் (தரைமட்ட விட்டங்கள்) மேல் கம்பி கட்டிய தளமாகப் போடுங்கள். உறிஞ்சு குழியை நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் களி உறிஞ்சாது, கழிவறைத் தண்ணீர் திரும்பி மேலே வரும். தொட்டியைப் பெரிதாகக் கட்டி லாரி வைத்து எடுப்பதுதான் வழி.

தரைத்தொட்டியில் இன்னொரு ஆபத்து. 10,000 லிட்டர் கான்கிரீட் சம்ப் காலியாக இருக்கும்போது நிலத்தடி நீர் விளிம்புவரை ஏறினால் சுமார் 14 டன்னுக்கு மேல் விசையோடு அதை மேலே தள்ளும். தொட்டியின் சொந்த எடை 11, 12 டன்தான். குழாய் இணைப்புகளைப் பிய்த்துக்கொண்டு தொட்டி எழும்பும். அடித்தளத்தை எல்லாப் பக்கமும் ஒரு அடி வெளியே நீட்டி, அதன்மேல் மண் ஏறும்படி கட்டினால் பிடித்து நிற்கும். கழுவும் வேலையைச் சித்திரை வைகாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சம்ப் நிறைந்தே இருக்கட்டும்.