நேரு மைதானத்தைச் சுற்றி மூன்று முறை வந்த வலை வண்டி

டெல்லியில் லோதி சாலையை ஒட்டிய அரசுக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து பதினேழு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ஜவாகர்லால் நேரு விளையாட்டு மைதானத்தின் வெண்ணிறக் கூரை தெரியும். அந்த மைதானத்திலோ, சற்று வடக்கே உள்ள பிரகதி மைதானிலோ உலக நாடுகள் கூடும் நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்பட்டால், சுவர்களுக்கு வண்ணம் பூசுகிறவர்களும் பூந்தொட்டி வைக்கிறவர்களும் வரும் அதே நாட்களில் நாய் பிடிக்கும் வலை வண்டியும் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். 2010, 2023, 2025 என்று மூன்று முறை இதை நேரில் பார்த்திருக்கிறேன். உணவகங்களையும் கைப்பேசிகளையும் அலசி ஆராய்ந்து எழுதுகிறோம். நம் வரிப்பணத்தில் நடக்கும் இந்தச் சேவையையும் அதே கவனத்தோடு மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருத்தடை அறுவைச் சிகிச்சையும் தடுப்பூசியும் தரமாக இருக்கின்றன, பிடிக்கும் முறை சுமாராக இருக்கிறது, பிடித்த நாயைத் திரும்பக் கொண்டுவந்து விடும் வேலை படுமோசமாக இருக்கிறது. மொத்தச் சேவையின் பயனும் அந்தக் கடைசி வேலையில்தான் அடங்கியிருக்கிறது என்பதால், ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் நாய் வளர்ப்பவன் அல்ல. என் மகளுக்கு எட்டு வயதானபோது பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கணக்கு வைத்து மருத்துவமனை வரிசையில் நின்றவன் நான். ரேபிஸ் என்ற வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதை அந்த நான்கு வாரங்களும் ஒவ்வோர் இரவும் நினைத்துக்கொண்டேதான் படுத்தேன். ஆகவே தெருநாய்களால் வரும் அச்சம் எனக்குப் புதியதல்ல. அந்த அச்சம் குறைய வேண்டும் என்பதற்காகவே இந்தச் சேவை சரியாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சட்டப்படி இந்தச் சேவை எப்படி நடக்க வேண்டும் என்பது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2001இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளும், அவற்றுக்கு மாற்றாக 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளும், உள்ளாட்சி அமைப்பு தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும் என்கின்றன. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சிறு வெட்டு ஒன்று போடுவார்கள். அந்த நாய்க்கு வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதே இடத்தில் விட வேண்டும் என்ற நிபந்தனை இரக்கத்தால் மட்டும் வந்ததன்று. ஒவ்வொரு தெருவுக்கும் அங்கே கிடைக்கும் உணவுக்கு ஏற்ப ஒரு நாய்க்கூட்டம் உண்டு. அந்தக் கூட்டம் வெளி நாய்களை உள்ளே விடாது. கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்கள் தெருவைக் காத்துக்கொண்டிருக்கும்வரை, குட்டிகள் பெருகுவதும் நோய் பரவுவதும் குறையும். அவற்றை அகற்றிவிட்டுக் குப்பைத் தொட்டியை மட்டும் அங்கேயே வைத்திருந்தால், இரண்டு மூன்று மாதங்களில் பக்கத்துப் பகுதிகளிலிருந்து தடுப்பூசி காணாத நாய்கள் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊசி போட்ட நாயை இடம் மாற்றி விட்டுவிட்டால், எந்தத் தெருவில் எத்தனை நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்ற கணக்கே குலைந்துபோகும்.

2023 ஆகஸ்டுக்கு வருகிறேன். செப்டம்பர் 9, 10 தேதிகளில் பிரகதி மைதானில் ஜி20 மாநாடு நடக்கவிருந்தது. தலைநகரின் முக்கிய இடங்களைச் சுற்றியுள்ள தெருநாய்களைப் பிடிக்க மாநகராட்சி ஆகஸ்ட் தொடக்கத்தில் ஓர் ஆணையிட்டது. விலங்கு நல ஆர்வலர்கள் எதிர்த்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஆனாலும் மாநாடு நெருங்கியபோது பிடிக்கும் வேலை நடக்கத்தான் செய்தது. எங்கள் குடியிருப்புக்கு வண்டி வந்தது காலை ஆறு மணிக்கு. ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேர். எங்கள் பகுதிக்கான பொறுப்பை ஏற்றிருந்த அமைப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

எங்கள் வாசலில் துணி தேய்த்துக் கொடுப்பவரின் மேசைக்கடியில் இரண்டு நாய்கள் படுத்திருக்கும். ராணி என்ற பெட்டை செம்பழுப்பு நிறம், முன்னங்கால்கள் இரண்டும் வெள்ளை. ஷேரு என்பது கறுப்புக் கடுவன். ஷேருவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கருத்தடை ஆகி, காது வெட்டுப் போடப்பட்டிருந்தது. ராணியைப் பிடித்தவர் தேர்ந்தவர். ரொட்டித் துண்டைக் காட்டி அருகில் அழைத்து, வலையை மேலிருந்து போர்த்தி, கழுத்தை நெரிக்காமல் அள்ளிக்கொண்டு போனார். ஷேரு ஓடியது. மூன்று பேர் துரத்தி, சுவர் மூலையில் மடக்கி, வலைக்குள் விழுந்ததைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்து வண்டியில் எறிந்தார்கள். காதில் வெட்டு இருக்கிறதே, இதை ஏன் பிடிக்கிறீர்கள் என்று துணி தேய்ப்பவர் கேட்டதற்கு, எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. மருத்துவத்துக்காகப் பிடித்தார்களா, பார்வைக்குப் படாமல் இருப்பதற்காகப் பிடித்தார்களா என்பது அந்த ஒரு பதிலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

ரசீது கேட்டேன். இல்லை என்றார்கள். ஓட்டுநரின் நோட்டுப் புத்தகத்தில் நாயின் நிறமும் பாலினமும் எழுதி, இடம் என்ற கட்டத்தில் 'லோதி ரோடு' என்று மட்டும் எழுதினார்கள். லோதி சாலை பெரிய சாலை. அதன் இருபுறமும் எத்தனை குடியிருப்புகள், எத்தனை சந்துகள்! பிளாக் எண்ணையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், தலையசைத்தார்கள், எழுதவில்லை. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் அந்தக் காலிக் கட்டமே காரணம்.

மாநாடு முடிந்து ஒரு வாரம் வரை இரண்டு நாய்களும் வரவில்லை. கொடுக்கப்பட்ட தொலைபேசி எண்ணை அழைத்தால், உங்கள் பகுதி நாய்களையெல்லாம் விட்டாயிற்று என்றார்கள். எட்டாம் நாள் ராணி தானாக வந்து சேர்ந்தது. மேம்பாலத்துக்கு அப்பால், பெரிய சாக்கடையின் ஓரத்தில் அதை இறக்கிவிட்டதைப் பார்த்ததாகப் பழம் விற்பவர் ஒருவர் சொன்னார். இடையில் எத்தனை சாலைகளைக் கடந்ததோ, எந்தெந்த நாய்க்கூட்டங்களிடம் கடிபட்டதோ, பின்தொடையில் புண் சீழ் வைத்திருந்தது. ஷேரு வரவேயில்லை. மூன்று முறை அழைத்தும், இரண்டு முறை நேரில் போயும், அது எங்கே விடப்பட்டது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மருத்துவப் பகுதியைப் பாராட்டியே ஆக வேண்டும். ராணியைப் புண்ணுக்காக எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது, அவர் கருத்தடைத் தழும்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல கை என்றார். இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளான தழும்பு, கரையும் தையல், வீக்கமோ கசிவோ சிறிதும் இல்லை. கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அவ்வளவு சிறிய துளை வழியாக எடுப்பதற்கு நூற்றுக்கணக்கான அறுவைகள் செய்த பழக்கம் வேண்டும் என்று அவர் விளக்கினார். அந்த மருத்துவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய உழைப்பை, நோட்டில் ஒரு பிளாக் எண்ணை எழுதாத சோம்பல் வீணாக்கியது என்பதுதான் என் வருத்தம்.

2010 அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் இதே நேரு மைதானத்தில் தொடங்கி இதே மைதானத்தில் முடிந்தன. அதற்குச் சில நாட்கள் முன்பு வீரர்கள் தங்கும் விடுதியின் மெத்தையில் நாயின் காலடித் தடங்கள் பதிந்த படம் வெளிநாட்டுச் செய்திகளில் வந்து பெரும் தலைகுனிவானது. எங்கள் தெருவில் நாய்களே இல்லாத பதினைந்து நாட்களை அப்போது பார்த்தேன். அடுத்த கோடைக்குள் நாய்களின் எண்ணிக்கை பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் அறியாத நாய்கள். என் மகளைக் கடித்ததும் அந்தப் புதிய கூட்டத்தைச் சேர்ந்த நாய்தான் என்பதை நான் மறக்கவில்லை.

2025இல் நடந்தது இன்னும் சிக்கலானது. தலைநகர்ப் பகுதியின் எல்லாத் தெருநாய்களையும் காப்பகங்களுக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு ஆகஸ்ட் 11 அன்று ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு அதே இடத்தில் விட வேண்டும் என்றும், உணவிடுவதற்குத் தனி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தப் பரபரப்புக்கு நடுவே செப்டம்பர் 27 அன்று நேரு மைதானத்தில் உலக மாற்றுத்திறனாளர் தடகளப் போட்டிகள் தொடங்கின. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் வந்திருந்தார்கள். அக்டோபர் 3 அன்று கென்யப் பயிற்சியாளர் ஒருவரையும் ஜப்பானியப் பயிற்சியாளர் ஒருவரையும் மைதான வளாகத்துக்குள்ளேயே நாய்கள் கடித்தன. விருந்தினர்களாக வந்தவர்களுக்கு இப்படி நேர்ந்ததே என்று அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. உடனே வலை வண்டிகள் மைதானத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன.

வளாகத்தை முன்கூட்டியே காலிசெய்தும் நாய்கள் மீண்டும் உள்ளே வந்ததன் காரணம், வாசலருகே சாப்பாடு கிடைத்ததுதான் என்று அமைப்பாளர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது. மைதானத்தைச் சுற்றிப் பல இடங்களில் எச்சில் தட்டுகள் குவிந்து கிடந்ததை நானே பார்த்தேன். அன்போடு பால் ஊற்றுகிறவர்கள் நுழைவாயிலிலிருந்து நூறு அடி தள்ளி ஊற்றினால் போதும். அதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல இந்தச் சேவையில் ஒருவரும் இல்லை. வலை வீசுபவர் இருக்கிறார், கத்தி பிடிப்பவர் இருக்கிறார், தெருவாசிகளோடு பேசுவதற்கு ஆள் இல்லை.

வேறு ஊர்களோடு ஒப்பிட்டால் டெல்லி கொடுமையானது என்று சொல்ல மாட்டேன். 2014 பிப்ரவரியில் ரஷ்யாவின் சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, நகராட்சி ஒரு தனியார் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அமர்த்தித் தெருநாய்களைக் கொல்லவைத்தது. தொடக்க விழா ஒத்திகையின்போது மைதானத்துக்குள் ஒரு நாய் நுழைந்துவிட்டதை அந்த நிறுவனத்தின் உரிமையாளர் செய்தியாளர்களிடம் காரணமாகச் சொன்னார், நாய்களை உயிரியல் குப்பை என்றே குறிப்பிட்டார். அந்த நாய்களில் பல, விளையாட்டரங்குகள் கட்ட வந்த தொழிலாளர்கள் சோறு போட்டு வளர்த்தவை. கட்டடம் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், நாய்கள் நின்றுவிட்டன. ஒரு செல்வந்தர் பணம் தர, ஊருக்கு வெளியே அவசரமாக ஒரு காப்பகம் எழுந்தது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் கஸ் கென்வொர்தி சோச்சியில் கண்ட குட்டிகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். கொல்லக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமே இருப்பது பெரிய விஷயம். அந்த வழியை ஒரு மாநகராட்சி முறையாகக் கைக்கொண்டதில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, 1996இல் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது நம் சென்னை மாநகராட்சி.

நேரக் கணக்கிலேயே இந்தத் திருவிழாக்காலச் சேவை தோற்றுவிடுகிறது. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். மாநாட்டுக்கு ஆறு வாரத்துக்கு முன் வண்டியை ஓட்டி, முடிந்த மறுவாரம் நிறுத்திவிட்டால், பிடிபடாமல் தப்பிய நான்கைந்து பெட்டைகளே அந்த ஆண்டுக்குள் இழப்பை ஈடுகட்டிவிடும். எங்கள் தெருவுக்கு ஜி20 முடிந்த பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வண்டியே வரவில்லை. அடுத்துப் பார்த்தது 2025இல், அந்தத் தடகளப் போட்டிக்காக.

2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கின்றன. அங்கே மைதானங்களைச் சுற்றிக் குடியிருக்கும் தமிழர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். இப்போதே உங்கள் தெரு நாய்களை முகம், இரு பக்கம், காது என்று படம் எடுத்து வையுங்கள். வண்டி வரும்போது எதிர்த்து நிற்காதீர்கள். கருத்தடை ஆகாத பெட்டைகளை நீங்களே காட்டிக்கொடுங்கள். வண்டி எண்ணையும், பிடித்த நேரத்தையும், கருத்தடை நிலையத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். இடம் என்ற கட்டத்தில் தெருவும் வீட்டு எண்ணும் எழுதப்படும்வரை விலகாதீர்கள். இயன்றால் அறுவை முடிந்த மூன்றாம் நாள் நிலையத்துக்கே போய்ப் பாருங்கள். கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் நாய் சரியான தெருவில் இறங்குகிறது. 2025இல் ராணியின் மகள் ஒன்றை, பழைய குட்டிகளில் மிஞ்சியதை, அப்படித்தான் நான் திரும்பப் பெற்றேன். காலை வெயில் ஏறும் முன்பே வண்டி எங்கள் பிளாக் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்ததும் அது இறங்கி, ஒரு முறை உடம்பை உதறிவிட்டு, நேரே துணி தேய்ப்பவரின் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.