ஒரே நாள்ல போய்ட்டு வர ஊட்டிய விட கோத்தகிரி தான் பெஸ்ட், கோவை பக்கம் லீவுக்கு வர்றவங்களுக்கு

கனடால இருந்து கோயம்புத்தூர் வந்தா லீவு பூரா கல்யாணம், பேங்க், பல் டாக்டர், சொந்தக்காரங்க வீட்டு விருந்துன்னு ஓடிருது, நடுவுல ஒரு நாள் காலியா கிடைச்சா வீட்ல எல்லார் வாயிலயும் வர்றது ஊட்டி தான். இந்த தடவ நான் பிடிவாதமா இருந்தேன், சாயங்காலத்துக்குள்ள வீடு திரும்பணும்னா ஊட்டி வேண்டாம், கோத்தகிரி போலாம்னு. கூட வந்தது முட்டி வலியோட அம்மா, சுகர் இருக்கற அப்பா, அப்புறம் வளைவு ரோடுன்னாலே வாந்தி எடுக்கற ரெண்டு பசங்க. இந்த மாதிரி கூட்டத்தோட போறவங்களுக்காகத்தான் இத எழுதறேன்.

கணக்கு சிம்பிள். கோவைல இருந்து மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர், அங்கிருந்து கோத்தகிரி இன்னொரு 33, அவ்ளோதான். ஊட்டின்னா மேட்டுப்பாளையத்துக்கு மேல குன்னூர் வழியா 50 கிலோமீட்டருக்கு மேல ஏறணும், சீசன்ல குன்னூர் தாண்டினதும் வண்டி வரிசையா நிக்கும், போய் சேர்றதுக்குள்ள மதியம் ஆயிரும், கார்டனும் படகும் பார்த்துட்டு இறங்க ஆரம்பிச்சா இருட்டிரும். வயசானவங்க பாதி நாள் காருக்குள்ளயே உக்காந்திருப்பாங்க. ஊட்டி நல்ல ஊரு தான், ஆனா ரெண்டு ராத்திரி தங்கி பார்க்க வேண்டிய ஊரு.

முதல்ல இ-பாஸ். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளிய இருந்து வர்ற வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம், கோத்தகிரியும் நீலகிரி மாவட்டம் தான், அதனால இதுக்கும் வேணும். காசு கிடையாது. உள்ளூர் போன் நம்பர் இருந்தா ஓடிபி வச்சு எடுக்கலாம், வெளிநாட்டு நம்பர் மட்டும் இருக்கறவங்க ஈமெயில் வச்சே எடுத்துக்கலாம், வண்டி நம்பர், எத்தன பேரு, எந்த தேதி, இவ்ளோதான் கேக்குது, அஞ்சு நிமிஷத்துல க்யூஆர் கோடு வந்துருச்சு. ஆனா டாக்ஸி புக் பண்ணவங்க கவனிங்க, வண்டி நம்பர் முந்தின நாளே டிரைவர்கிட்ட வாங்கிருங்க, காலைல வேற வண்டி அனுப்புனா பாஸ் திரும்ப எடுக்கணும். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் இன்னும் உஷாரா இருக்கணும், 2025 சீசன்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு உச்சவரம்பு வச்சிருந்தாங்க. இது எல்லாம் வேண்டாம்னா கவர்மென்ட் பஸ்ல போறவங்களுக்கு பாஸே தேவையில்ல, மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு நேரா பஸ் இருக்கு.

டாக்ஸி விஷயத்துல என் அபிப்ராயம் ரொம்ப கறாரானது. தெரிஞ்சவங்க வண்டி, கம்மி வாடகைன்னு வெள்ள போர்டு கார் ஏற்பாடு பண்ணித்தர நிறைய பேர் வருவாங்க, எடுக்காதீங்க, சொந்த உபயோகத்துக்கு பதிவு பண்ண வண்டிய வாடகைக்கு ஓட்றது சட்டப்படி தப்பு, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்லயும் சிக்கல். மஞ்ச போர்டு வண்டி எடுங்க, கிலோமீட்டர் ரேட், டிரைவர் பேட்டா, ஹில்ஸ் சார்ஜ், பார்க்கிங் இந்த நாலையும் முன்னாடியே பேசி மெசேஜ்ல வாங்கிருங்க. எங்களுக்கு வந்த டிரைவர் அண்ணா தங்கமான மனுஷன். இறங்கும்போது முழுக்க செகண்ட் கியர்லயே வந்தாரு, ஏறி வர்ற வண்டிக்கு ஒவ்வொரு வளைவுலயும் நின்னு வழி விட்டாரு. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சிட்டே வந்தான், அப்பா கொஞ்சம் வேகமா போலாமான்னு கேட்டதுக்கு "ஐயா, அவர் போகட்டுங்க, பிரேக்க மிதிச்சிட்டே இறங்குனா சூடாயி புடிக்காம போயிருங்க, மேட்டுப்பாளையம் எங்கயும் ஓடிப்போகாதுங்க"ன்னாரு. அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைலயே நிம்மதி.

குஞ்சப்பனை செக்போஸ்ட்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டு பிளாஸ்டிக் இருக்கான்னு வண்டிக்குள்ள பார்த்தாங்க. நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில், கூல் டிரிங்ஸ் பாட்டில், கேரி பேக் எதுவும் கூடாது, வீட்ல இருந்தே ஸ்டீல் பாட்டில்ல தண்ணி கொண்டு போயிருங்க. வழியில வாட்டர் ஏடிஎம் வச்சிருக்காங்க, சில்லற காசு போட்டா தண்ணி வரும், அதுக்காகவாவது நாணயம் கொஞ்சம் வச்சுக்கங்க. இந்த சோதனைய தொந்தரவுன்னு சில பேர் சலிச்சுக்கறாங்க, எனக்கு பார்க்க அவ்ளோ சந்தோஷம், ரோட்டோரத்துல நான் சின்ன வயசுல பார்த்த குப்பை மேடு இப்ப இல்ல.

பணம்னு பார்த்தா, 2023ல இருந்து கனடா, சிங்கப்பூர், யுஏஇ மாதிரி சில நாட்டு போன் நம்பர்லயே, வெளிநாட்டுல இருக்கறவங்க இங்க வச்சிருக்கற என்ஆர்இ, என்ஆர்ஓ பேங்க் அக்கவுண்ட் இணைச்சு யுபிஐ வச்சுக்கலாம்னு வந்துருச்சு, டீக்கடை வரைக்கும் வேலை செய்யுது. சிக்னல் இல்லாத வளைவுகள் இருக்கு, கையில கொஞ்சம் கேஷ் அவசியம்.

இனி கோத்தகிரி. கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், குளிர் உடம்புக்கு இதமா இருக்கு. 1819ல கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் மலையேறி வந்து தங்குன இடம் இங்க கன்னேரிமுக்கு கிராமத்துல நினைவகமா இருக்கு, சின்ன இடம் தான், ஆனா ஊட்டி உருவாகறதுக்கு முன்னாடி கதை இங்கதான் ஆரம்பிச்சதுன்னு பசங்களுக்கு சொல்ல முடிஞ்சுது. அப்புறம் கோடநாடு வியூ பாயிண்ட், கார் நிறுத்துற இடத்துல இருந்து ரொம்ப நடக்க வேண்டியதில்ல, அம்மா என் கைய புடிச்சிட்டே வந்து பார்த்தாங்க. கீழ மாயாறு வளைஞ்சு வளைஞ்சு போகுது, தெங்குமரஹடா கிராமத்து வயல் பச்சைச் சதுரமா தெரியுது, எதிர்ல ரங்கசாமி மலை. மேகம் மூடிட்டா ஒண்ணும் தெரியாது, அதனால காலைலயே இத முடிச்சிருங்க.

எனக்கு மனசுல நின்னது லாங்வுட் சோலை தான். டவுனுக்கு பக்கத்துலயே தேயிலைக்கு நடுவுல மிச்சமிருக்கற சோலைக்காடு. மழைத்தண்ணிய உறிஞ்சி வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடறது இந்த காடு தான், சுத்தி இருக்கற கிராமங்களுக்கு குடிதண்ணி இதுல இருந்துதான். வனத்துறை அனுமதியோட, காடு தெரிஞ்ச ஆளோட போங்க, காட்டெருமை சாதாரணமா உலாத்துற இடம், கரடியும் உண்டு. சத்தம் போடாம நடந்தா பறவை கூட்டமா கிடைக்குது. பசங்கள்ல பெரியவன் முதல் தடவையா செல்போனை உள்ள வச்சிட்டு அண்ணாந்து பார்த்தான்.

குறைன்னா ஒண்ணே ஒண்ணு, அத அழுத்தியே சொல்றேன், பாத்ரூம். நாங்க நின்ன ஒரு இடத்துல லேடீஸ் பக்கம் பூட்டு, இன்னொரு இடத்துல தண்ணி இல்ல, இந்தியன் டாய்லெட் மட்டும் தான், முட்டி மடக்க முடியாத அம்மா எப்படி உக்காருவாங்க? சுகர் மாத்திரை போடறவங்க எவ்ளோ நேரம் அடக்க முடியும்? பாஸ் எடுக்க, பிளாஸ்டிக் புடிக்க இவ்ளோ அழகா ஏற்பாடு பண்ண முடியுதுன்னா, கைப்பிடி வச்ச ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஒவ்வொரு வியூ பாயிண்ட்லயும் கட்டாயம் முடியும். அதுவரைக்கும் மேட்டுப்பாளையத்துல ஒரு நல்ல ஹோட்டல்ல டிபன் சாப்டு அங்கயே போய்ட்டு ஏறுங்க, கோத்தகிரி டவுன்ல மதிய சாப்பாட்டுக்கும் டாய்லெட் பார்த்துட்டு ஹோட்டல் பிடிங்க.

வால்பாறை பத்தி கேப்பீங்க. பொள்ளாச்சில இருந்து 65 கிலோமீட்டருக்குள்ள தான், ஆனா 40 கொண்டை ஊசி வளைவு, வாந்தி வர்ற பசங்களோட ஒரே நாள்ல போய்ட்டு வர்றது கொடுமை. தனியா, ஜோடியா போறவங்க தாராளமா போங்க, வரையாடும் சிங்கவால் குரங்கும் ரோட்டோரத்துலயே பார்க்க வாய்ப்பிருக்கு, அதுங்களுக்கு எதுவும் தின்னக் குடுத்துறாதீங்க. எஸ்டேட் பக்கம் யானை நடமாட்டம் இருந்தா எரியற சிவப்பு லைட் வச்சிருக்காங்க, அது எரிஞ்சா வண்டிய விட்டு இறங்காதீங்க. இருட்டறதுக்கு முன்னாடி மலையடிவாரத்துல இருக்கற ஆழியார் வந்து சேர்ற மாதிரி கிளம்பிருங்க.